கோடு விழுந்த நிலம்: ஊரக வளர்ச்சித் திட்டமும் சாலைச் செலவும்

ஒரு சாலையின் செலவு என்று அரசு ஆவணங்கள் குறிப்பது, மண் வேலை, சரளை, தார், பாலங்கள், மின்கம்பங்களையும் குடிநீர்க் குழாய்களையும் இடம் மாற்றும் பணி, மேற்பார்வைக் கட்டணம், நிலத்துக்கான இழப்பீடு ஆகியவற்றின் கூட்டுத் தொகையை மட்டுமே. அந்தக் கூட்டுத் தொகை எவ்வளவு துல்லியமாகக் கணக்கிடப்பட்டாலும், சாலை செல்லவிருக்கும் நிலத்துக்கு உரியவர் சுமக்கும் செலவில் ஒரு பகுதி அதற்குள் வருவதே இல்லை. ஏனெனில் அரசின் கணக்கு அரசிதழ் அறிவிப்பு வெளியாகும் நாளில் தொடங்குகிறது, உரிமையாளரின் கணக்கோ வரைபடத்தில் கோடு விழுந்த செய்தி ஊருக்குள் வந்த நாளிலேயே தொடங்கிவிடுகிறது. இவ்விரு நாட்களுக்கும் இடையில் உள்ள இடைவெளியில் நிலத்துக்கு என்ன நேர்கிறது, அதன் இழப்பை யார் ஏற்கிறார்கள், அதே கோட்டால் யாருடைய நிலம் விலையேறுகிறது என்ற மூன்று கேள்விகளையும் புதுச்சேரியின் கடலோர ஊரான பிள்ளைச்சாவடியையும் அதன் சுற்றுப்புறத்தையும் முன்வைத்து ஆராய்வதே இச்சொற்பொழிவின் நோக்கம்.

பிள்ளைச்சாவடியை இதற்கு எடுத்துக்கொள்வதற்குத் தக்க காரணம் உண்டு. புதுச்சேரி மாவட்டம் தொடர்ச்சியான ஒரே நிலப்பரப்பு அன்று. தமிழ்நாட்டின் ஊர்களுக்கிடையே துண்டு துண்டாகச் சிதறிக் கிடப்பது. புதுச்சேரி நகரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே வடக்கே செல்பவர், கோட்டக்குப்பம், சின்ன முதலியார்சாவடி, பெரிய முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் ஆகிய விழுப்புரம் மாவட்ட ஊர்களைக் கடந்த பின்னரே மீண்டும் புதுச்சேரி ஒன்றியப் பகுதிக்குள், அதாவது பிள்ளைச்சாவடி, காலாப்பட்டு, கனகசெட்டிகுளம் அடங்கிய கடலோரத் துண்டுக்குள், நுழைகிறார். ஒரே சாலை, ஒரே மணல், ஒரே முந்திரியும் சவுக்கும் தென்னையும். ஆனால் எல்லைக் கல்லுக்கு இப்பால் ஒரு நிலச் சட்டமும் அப்பால் வேறொரு நிலச் சட்டமும் நடைமுறையில் உள்ளன.

பொதுத் தேவைக்கு நிலம் தருவது இவ்வூருக்குப் புதியதன்று. 1985இல் நாடாளுமன்றச் சட்டத்தின் வழி நிறுவப்பட்ட புதுவைப் பல்கலைக்கழகம் காலாப்பட்டில் பரந்த வளாகத்தைக் கொண்டுள்ளது. அதே காலத்தில் தோன்றிய பொறியியல் கல்லூரி பிள்ளைச்சாவடியிலேயே அமைந்து, 2020இல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. 1998இல் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே கிழக்குக் கடற்கரைச் சாலை முழுமையாகத் திறக்கப்பட்டது. இவை அனைத்தும் ஊருக்கு நன்மை செய்தவை என்பதில் ஐயமில்லை. எனினும், நன்மை பரவலாகப் பகிரப்பட்டது என்பதும், விலை சிலரால் மட்டும் தரப்பட்டது என்பதும் ஒருங்கே உண்மையாக இருக்க முடியும். அவ்விரண்டையும் ஒரே ஏட்டில் எழுதிப் பார்ப்பதற்குத் திட்டமிடும் துறைகள் இன்றுவரை பழகவில்லை.

வரைபடக் கோடு நிலத்தின் மீது செலுத்தும் அதிகாரம் மிகப் பழையது. புதுச்சேரியை முன்பு ஆண்ட பிரான்சின் சட்டத்தில் தெருவின் எல்லையை அரசு நிர்ணயிக்கும் உரிமை 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஏற்பட்டுவிட்டது. 1807 செப்டம்பர் 16ஆம் நாள் சட்டம் அதை நகரங்களுக்கான தெரு எல்லை வரைபடமாக முறைப்படுத்தியது. அந்த ஏற்பாட்டின்படி, கோட்டுக்கு வெளியே துருத்திக்கொண்டிருக்கும் கட்டடத்தை அரசு உடனே இடிப்பதில்லை. உரிமையாளர் அதை வலுப்படுத்தும் எந்தப் பழுதுபார்ப்பும் செய்யக்கூடாது என்று மட்டும் தடுக்கிறது. கட்டடம் தானே நலிந்து விழும்போது நிலம் தெருவோடு சேர்ந்துவிடும். அப்போது வெறும் நிலத்துக்கு மட்டுமே விலை தரப்படும். அரசுக்குச் செலவு குறைந்த வழி இது. ஆனால், கோடு விழுந்த நாளிலிருந்து கட்டடம் விழுந்த நாள்வரை அவ்வீட்டில் வாழ்ந்தவரின் இழப்பு எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. அழகான நேர்த்தெருக்களுக்காகப் போற்றப்படும் எந்த நகரத்தின் வரலாற்றிலும் இப்படி எழுதப்படாத செலவு ஒன்று இருக்கவே செய்யும்.

இந்தியாவின் நகர், ஊரமைப்புச் சட்டங்கள் இதே அதிகாரத்தை வேறு பெயர்களில் கொண்டுள்ளன. புதுச்சேரியில் 1969ஆம் ஆண்டின் நகர், ஊரமைப்புச் சட்டமும், தமிழ்நாட்டில் 1971ஆம் ஆண்டின் நகர், ஊரமைப்புச் சட்டமும் ஒரு பகுதியின் நிலப் பயன்பாட்டை முன்கூட்டியே வகுக்கும் வளர்ச்சித் திட்டங்களுக்கு வழிசெய்கின்றன. வளர்ச்சித் திட்டம் என்பது, எந்தப் புல எண் குடியிருப்பு, எது விவசாயம், எது தொழில், எதன் வழியே எத்தனை மீட்டர் அகலத்தில் சாலை செல்லும் என்று வண்ணம் தீட்டிய வரைபடமும் அதற்கான விதிகளும் ஆகும். அந்த வரைபடத்தில் ஒரு நிலம் உத்தேசச் சாலைக்கென ஒதுக்கப்பட்டுவிட்டால், அதில் வீடு கட்ட அனுமதி கிடைப்பதில்லை, வங்கி கடன் தரத் தயங்குகிறது, வாங்க வந்தவர் திரும்பிப் போகிறார். நிலம் இன்னும் உரிமையாளர் பெயரிலேயே இருக்கிறது. வரியும் அவரே கட்டுகிறார். ஆயினும் நிலத்தால் ஆகக்கூடிய காரியங்களில் பெரும்பாலானவை அவர் கையை விட்டுப் போய்விடுகின்றன.

தமிழ்நாட்டுச் சட்டத்தின் 38ஆம் பிரிவு இக்கேட்டை ஓரளவு உணர்ந்து எழுதப்பட்டது. ஒதுக்கப்பட்ட நிலத்தைக் கையகப்படுத்துவதற்கான நடவடிக்கை, திட்ட அறிவிப்பு வெளியானதிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் எடுக்கப்படாவிட்டாலோ, உடன்பாட்டின் வழி நிலம் வாங்கப்படாவிட்டாலோ, அந்த ஒதுக்கீட்டிலிருந்து நிலம் விடுபட்டதாகக் கருதப்படும் என்பது அப்பிரிவின் சாரம். மகாராஷ்டிரத்தின் சட்டத்தில் இக்காலம் பத்து ஆண்டுகள். அதன் பின்னும் உரிமையாளரே அறிவிப்புக் கொடுத்து, மேலும் காத்திருக்க வேண்டும். மூன்று ஆண்டு என்ற வரம்பு ஒப்பீட்டளவில் கருணையுள்ளது. ஆனால், அது தானாகச் செயல்படும் என்று நம்பிய உரிமையாளர்கள் அனுமதி கேட்டுச் செல்லும்போது, பழைய வரைபடமே மேசையில் விரிக்கப்பட, உயர் நீதிமன்றத்தின் ஆணை பெற்றுத்தான் தம் நிலத்தை விடுவித்துக்கொள்ள வேண்டிய நிலை பலருக்கு ஏற்பட்டிருக்கிறது. சட்டம் தந்த விடுதலையை ஒருவர் வழக்குச் செலவு செய்து மீண்டும் வாங்க வேண்டியிருப்பது நீதியாகாது.

தேசிய நெடுஞ்சாலைகளுக்கான நில எடுப்பு வேறொரு பாதையில் செல்வது. 1956ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைகள் சட்டத்தில், 3ஏ பிரிவின்கீழ் வெளியாகும் அறிவிப்பு நிலம் எடுக்கும் எண்ணத்தைத் தெரிவிப்பது; அதன் சாரம் இரண்டு நாளிதழ்களில், அவற்றுள் ஒன்று உள்ளூர் மொழியில், வெளியாக வேண்டும். 3சி பிரிவின்கீழ் 21 நாட்களுக்குள் மறுப்புத் தெரிவிக்கலாம். 3டி பிரிவின்கீழ் அறிவிப்பு வெளியானதும் நிலம் எல்லா வில்லங்கங்களிலிருந்தும் விடுபட்டு மத்திய அரசைச் சேர்ந்துவிடுகிறது. அந்த அறிவிப்பு ஓராண்டுக்குள் வராவிட்டால் முதல் அறிவிப்பு காலாவதியாகும். 3ஜி பிரிவின்கீழ் இழப்பீடு நிர்ணயிக்கப்படுகிறது. அதை ஏற்காதவர் நடுவரிடம் முறையிடலாம். சந்தை மதிப்பு எந்த நாளுக்கு உரியது என்றால், 3ஏ அறிவிப்பு வெளியான நாளுக்கு உரியது. இந்த ஒரு விதிக்குள்தான் உரிமையாளரின் குறை முழுவதும் அடங்கியிருக்கிறது என்று கூறினாலும் மிகையாகாது.

அதை விளக்க இழப்பீட்டுக் கணக்கின் உள்ளமைப்பைக் காண வேண்டும். 2014 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த 2013ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம், சந்தை மதிப்பைக் கணக்கிட 26ஆம் பிரிவில் வழி கூறுகிறது. பத்திரப் பதிவுக்கு அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பு ஒருபுறம். அக்கம்பக்கத்தில் ஒத்த நிலங்களுக்கு முந்தைய மூன்று ஆண்டுகளில் பதிவான கிரயப் பத்திரங்களுள் விலை கூடிய பாதியின் சராசரி மறுபுறம். இவற்றுள் எது அதிகமோ அது எடுத்துக்கொள்ளப்படும். அதனை ஊரகமாயின் 1 முதல் 2 வரையிலான ஒரு பெருக்கற்காரணியால், நகர்ப்புறமாயின் 1ஆல், பெருக்க வேண்டும். அத்துடன் மரம், கிணறு, கட்டடம் ஆகியவற்றின் மதிப்பைக் கூட்டி, வருந்தத்தக்க இழப்புக்கு ஈடாக நூறு விழுக்காடு ஆறுதல் தொகை சேர்க்கப்படும். 1894ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் இந்த ஆறுதல் தொகை முதலில் 15 விழுக்காடாகவும், 1984இன் திருத்தத்துக்குப் பின் 30 விழுக்காடாகவும் இருந்ததை நினைத்தால், 2013இன் சட்டம் பெரும் முன்னேற்றம். நெடுஞ்சாலைகளுக்கென எடுக்கப்பட்ட நிலங்களுக்கு ஆறுதல் தொகையே இல்லை என்றிருந்த நிலையை 2015இல் மத்திய அரசின் ஆணை மாற்றியது. அதற்கு முன் நிலம் இழந்தோருக்கும் அது உரியது என்று தார்செம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பை இனிவரும் வழக்குகளுக்கு மட்டும் பொருத்த வேண்டும் என்ற நெடுஞ்சாலை ஆணையத்தின் கோரிக்கையை 2025இல் நிராகரித்தது.

வாய்பாடு தாராளமானதுதான். அதில் இடப்படும் எண் எங்கிருந்து வருகிறது என்பதே சிக்கல். சாலை வரப்போகிறது என்ற பேச்சு எழுந்து, எடுபடும் புல எண்கள் இன்னவை என்று தெரிந்துவிட்டால், அந்த எண்களில் நிலம் வாங்க ஒருவரும் முன்வருவதில்லை. கிரயப் பத்திரங்கள் பதிவாவதும் நின்றுபோகிறது. பின்னர் அதிகாரி மூன்று ஆண்டுப் பத்திரங்களைப் புரட்டும்போது அவர் கண்ணில் படுபவை, ஒரு கடன்காரரின் அவசர விற்பனையும் பங்காளிகளுக்குள் நடந்த பெயரளவு விற்பனையுமாக இருக்கின்றன. கோடு தானே சந்தையை முடக்கிவிட்டு, முடங்கிய சந்தையின் விலையை அளவுகோலாக எடுத்துக்கொள்கிறது. இதனுடன் மற்றொன்றும் சேர்கிறது: கையில் கொடுத்த விலை ஒன்றாகவும் பத்திரத்தில் எழுதிய விலை வேறாகவும் இருந்த நீண்ட காலப் பழக்கத்தால், முத்திரைத் தீர்வையில் மிச்சம் பிடித்த குடும்பங்கள் பல, இழப்பீட்டில் அதைப் பன்மடங்காக இழக்கின்றன. இப்பழக்கத்தில் உரிமையாளர்களுக்கும் பங்குண்டு என்பதை மறைப்பதற்கில்லை. ஆயினும் அதன் விளைவை முழுவதும் அவர்கள் தலையில் ஏற்றுவது, வழிகாட்டி மதிப்பை ஆண்டுக்கணக்கில் திருத்தாமல் வைத்திருந்த பதிவுத் துறையின் பங்கை மறப்பதாகும்.

பெருக்கற்காரணி இன்னொரு வேறுபாட்டை உண்டாக்குகிறது. பொம்மையார்பாளையம் விழுப்புரம் மாவட்டத்தின் வானூர் ஒன்றியத்தைச் சேர்ந்த ஊராட்சி. அங்குள்ள நிலம் ஊரக நிலம். அதற்கு அடுத்த பிள்ளைச்சாவடியின் நிலம் நகர்ப்புறம் என்று வகைப்படுத்தப்படுமானால், அதன் காரணி 1 மட்டுமே. காரணியின் நோக்கம் நகரிலிருந்து தொலைவில் உள்ள நிலத்தின் பதிவு விலை குறைவாக இருப்பதை ஈடுசெய்வது. ஆனால் ஒட்டி நிற்கும் இரண்டு சவுக்குத் தோப்புகளுக்கு எல்லைக் கல்லை மட்டும் வைத்து இரு வேறு காரணிகளைக் கொடுப்பதற்கு அந்த நோக்கத்தில் இடமில்லை.

ஒரு நிலத்தை அளந்து பார்த்தால் இவை தெளிவாகும். சாலையை ஒட்டி 30 மீட்டர் முகப்பும் 40 மீட்டர் ஆழமும் கொண்ட, ஏறத்தாழ 30 சென்ட் அளவுள்ள ஒரு மனையைக் கற்பனை செய்துகொள்ளலாம். சாலை அகலப்படுத்தலுக்கு முகப்பிலிருந்து 12 மீட்டர் ஆழம் எடுக்கப்படுகிறது. அதாவது 1,200 சதுர மீட்டரில் 360 சதுர மீட்டர். எடுக்கப்பட்டது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆனால் எடுக்கப்பட்ட பகுதியில்தான் கடையும், ஆழ்துளைக் கிணறும், மோட்டார் கொட்டகையும், முன்வாசல் வேப்பமரமும் இருக்கின்றன. எஞ்சிய 840 சதுர மீட்டரில், புதிய சாலை எல்லையிலிருந்து கட்டட எல்லைக் கோடு வரை, அதாவது நெடுஞ்சாலை ஓரத்தில் கட்டடமே எழுப்பக்கூடாத பட்டைவரை, மீண்டும் ஒதுங்க வேண்டும். நடுவே தடுப்புச் சுவர் உள்ள நான்குவழிச் சாலையில், முன்பு நேராகச் சாலைக்கு இறங்கியவர், அணுகுசாலை அமைக்கப்பட்டால்தான் இறங்க முடியும். துண்டாடலால் எஞ்சிய நிலத்துக்கு ஏற்படும் இழப்பையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்று நெடுஞ்சாலைச் சட்டமே கூறுகிறது; எனினும் அதைக் கேட்டு, வரைபடத்துடன் நிறுவாத உரிமையாளருக்கு அது எளிதில் கிடைப்பதில்லை.

புதுச்சேரியின் நிலப்பகுதிகளில் இந்த நிறுவுதலே தனிப் பாடு. இங்குள்ள ஆவணங்களில் பிரெஞ்சுக் கால நில அளவைப் பதிவேட்டின் கதாஸ்தர் எண் ஒன்றும், பிற்கால மறுஅளவையின் எண் ஒன்றுமாக ஒரே நிலத்துக்கு இரண்டு எண்கள் இருக்கும். பரப்பு ஹெக்டேர், ஆர், செந்தியார் என்று ஓரிடத்தில் இருக்க, பேச்சில் குழிக் கணக்கு நிலவும். மூலப்பத்திரம் நொத்தேர் எனப்பட்ட பிரெஞ்சுக் கால ஆவண அலுவலர் எழுதிய பிரெஞ்சு ஆவணமாகவும் இருக்கலாம். தாத்தா பெயரில் பட்டா, மூன்று தலைமுறை வாரிசுகள், அவர்களுள் சிலர் பிரான்சில் என்ற நிலையில், பாகப்பிரிவினை ஆகாத நிலத்துக்கு இழப்பீடு வந்தால், பணம் உரியவர் கைக்கு வராமல், தகராறு தீரும்வரை நீதிமன்றத்தில் கிடக்கும். அறிவிப்பில் பட்டாதாரர் பெயரும் புல எண்ணும் தவறாமல் அச்சாவதற்கு வருவாய்த் துறை ஆறு மாதம் முன்கூட்டி உழைத்திருந்தால், இத்தகராறுகளில் பெரும்பகுதி தோன்றவே தோன்றாது. ஒரு கிலோமீட்டர் சாலையின் தார்ச் செலவோடு ஒப்பிட இவ்வுழைப்பின் செலவு மிகச் சிறியது.

இனி, மறுபக்கம். 2025 ஆகஸ்ட்டில் மத்திய அமைச்சரவை, மரக்காணம்–புதுச்சேரி இடையேயான 46 கிலோமீட்டர் தூரத்தை நான்குவழிச் சாலையாக்கும் திட்டத்துக்கு 2,157 கோடி ரூபாய் மதிப்பீட்டில் ஒப்புதல் அளித்தது. கிலோமீட்டருக்குச் சராசரியாக ஏறத்தாழ 47 கோடி ரூபாய் ஆகிறது. இது ஹைபிரிட் ஆன்யூட்டி எனப்படும் கலப்பு முறையில் அமைவது: கட்டுமானச் செலவில் 40 விழுக்காட்டை அரசு வேலை நடக்கும்போதே தருகிறது, எஞ்சிய 60 விழுக்காட்டை ஒப்பந்ததாரர் முதலீடு செய்து, சாலை முடிந்த பின் அரையாண்டுத் தவணைகளாக வட்டியுடன் பெற்றுக்கொள்கிறார், சுங்கக் கட்டணம் நெடுஞ்சாலை ஆணையத்துக்குச் செல்கிறது. ஆக, ஒப்பந்ததாரரின் முதலீட்டுக்குக் காத்திருக்கும் காலத்துக்கெல்லாம் வட்டி உண்டு. நிலத்தை முதலீடாகத் தந்தவருக்கு, கோடு விழுந்த நாள்முதல் அறிவிப்பு நாள்வரை காத்திருந்த காலத்துக்கு வட்டி இல்லை. சுங்கச்சாவடியிலிருந்து 20 கிலோமீட்டருக்குள் வாழ்பவர் தம் சொந்த வாகனத்துக்கு மாதாந்திர அட்டை வாங்கிக்கொள்ளலாம் என்று 2008ஆம் ஆண்டின் கட்டண விதிகள் சலுகை காட்டுகின்றன; தம் நிலத்தின் மீது போடப்பட்ட சாலையில் செல்ல அவரும் பணம் கட்டுகிறார்.

அச்சாலையால் யாருடைய நிலம் விலையேறுகிறது? முகப்பை இழந்தவருடையது அன்று. அவருக்குப் பின்னால் இருந்து, ஒரு சென்ட்டும் இழக்காமல், திடீரெனச் சாலை முகப்புப் பெற்றவருடையது. கோடு எங்கே விழும் என்பதை முன்னதாகவே அறிந்து வாங்கிப் போட்டவருடையது. பொதுச் செலவால் தனியார் நிலத்தில் விளையும் இந்த மதிப்புயர்வில் ஒரு பங்கைப் பொதுவுக்குத் திருப்பித் தரச் செய்வது மேம்பாட்டுக் கட்டணம் எனப்படுகிறது. மேலே சுட்டிய 1807ஆம் ஆண்டின் பிரெஞ்சுச் சட்டமே இதற்கும் வழிசெய்திருந்தது: புதிய தெரு, சதுக்கம், கரைத்தளம் ஆகியவற்றால் குறிப்பிடத்தக்க அளவு மதிப்புயர்ந்த சொத்துகள், அவ்வாறு பெற்ற ஆதாயத்தில் பாதி வரை ஈடு தரும்படி செய்யலாம் என்று அதன் 30ஆம் பிரிவு கூறியது. சென்னை மாகாணத்தின் 1920ஆம் ஆண்டு நகரமைப்புச் சட்டத்திலும் இவ்வகைக் கட்டணம் இடம்பெற்றது. சட்டத்தில் இருந்தும் இது பெருமளவு வசூலாகாமல் போனதற்குக் காரணம், மதிப்புயர்வை நிறுவுவது கடினம் என்பது மட்டுமன்று. இழப்பவர்கள் சிதறிக் கிடக்கும் சிறு உரிமையாளர்கள். ஆதாயம் பெறுபவர்களோ திட்ட அலுவலகங்களின் வாசல்களை நன்கு அறிந்தவர்கள். இதை வெளிப்படையாகக் கூறாமல் நிலமதிப்பைப் பற்றி எழுதுவதில் பயனில்லை.

இழப்பையும் ஆதாயத்தையும் ஒரே கணக்கில் சேர்த்த முறை ஒன்று இந்தியாவிலேயே நூறாண்டுகளுக்கு மேலாக உயிரோடிருக்கிறது. 1915ஆம் ஆண்டின் பம்பாய் நகரமைப்புச் சட்டத்தில் தோன்றி, இன்று குஜராத்தின் 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்கும் நகரமைப்புத் திட்ட முறை அது. சாலை செல்லும் கோட்டிலுள்ள நிலத்தை மட்டும் எடுப்பதற்கு மாறாக, ஒரு பகுதியின் எல்லா நிலங்களையும் ஒன்றாகக் கொண்டு, ஒவ்வொருவரிடமிருந்தும் ஒரு பங்கைக் கழித்துச் சாலைக்கும் பூங்காவுக்கும் பள்ளிக்கும் ஒதுக்கி, எஞ்சியதை ஒழுங்கான வடிவில், சாலை முகப்புடன், முடிந்தவரை அவரவர் பழைய இடத்துக்கு அருகிலேயே திருப்பித் தருவது இதன் இயல்பு. கழிவு மொத்தத்தில் பாதி வரை செல்லலாம். சாலைகளுக்கு மட்டும் ஏறத்தாழ 15 விழுக்காடு. நிலத்தின் மதிப்புயர்வில் பாதிக்கு மேற்படாமல் ஒரு பங்களிப்புத் தொகை வசூலிக்கப்பட்டு, உரிமையாளருக்குச் சேர வேண்டிய ஈட்டுத் தொகையோடு நேர்செய்யப்படுகிறது. அகமதாபாத்தைச் சுற்றிச் செல்லும் 76 கிலோமீட்டர் சர்தார் பட்டேல் வட்டச் சாலைக்கான நிலத்தின் பெரும்பகுதி இம்முறையிலேயே பெறப்பட்டது. முகப்பில் இருந்தவர் முழுவதும் இழக்க, பின்னால் இருந்தவர் முழுவதும் பெறும் நிலை அங்கே எழவில்லை.

இம்முறையை மருந்தாகப் புகழ்வதற்குமுன் அமராவதியையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஆந்திரத்தின் புதிய தலைநகருக்காக 2015இல், 29 ஊர்களைச் சேர்ந்த விவசாயிகள் ஏறத்தாழ 33,000 ஏக்கர் நிலத்தை ஒருங்கிணைப்புக்கு ஒப்படைத்தார்கள். ஏக்கருக்கு 1,000 சதுர கஜம் குடியிருப்பு மனையும், நிலத்தின் தரத்துக்கேற்ப வணிக மனையும், பத்தாண்டுகளுக்கு ஆண்டுத் தொகையும் தரப்படும் என்பது உடன்பாடு. 2019இல் ஆட்சி மாறியதும் மூன்று தலைநகர்கள் என்ற அறிவிப்பு வந்தது. மனைகள் காகிதத்திலேயே நின்றன. 2022 மார்ச்சில் உயர் நீதிமன்றம் உடன்பாட்டைக் காக்கும்படி தீர்ப்பளித்தும், பணிகள் மீண்டும் உயிர்பெற 2024இன் ஆட்சி மாற்றம் வரை விவசாயிகள் காத்திருக்க நேர்ந்தது. பணத்துக்குப் பதிலாக வருங்கால மனையைப் பெற்றுக்கொள்பவர், அரசின் மனமாற்றத்தால் விளையக்கூடிய அபாயத்தையும் சேர்த்தே பெற்றுக்கொள்கிறார். அந்த அபாயத்துக்கு ஈடு எழுதப்படாத ஒருங்கிணைப்புத் திட்டம் எதிலும் சிறு உரிமையாளர் கையெழுத்திடக்கூடாது.

புதுச்சேரிக்குள்ளேயே அந்த அபாயத்துக்குச் சான்று உண்டு. சேதராப்பட்டு, கரசூர் பகுதியில் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்கென எடுக்கப்பட்ட சுமார் 750 ஏக்கர் நிலம், அந்த மண்டலம் அமையாமலேயே பல்லாண்டுகள் பயனின்றிக் கிடந்தது. உழுதவர்கள் உழவை இழந்தார்கள். வந்திருக்க வேண்டிய வேலைகள் வரவில்லை. எடுத்த நிலம் ஐந்தாண்டுகளுக்குப் பயன்படாவிட்டால் அதை முன்னாள் உரிமையாளருக்கோ அரசின் நில வங்கிக்கோ திருப்ப வேண்டும் என்று 2013இன் சட்டம் 101ஆம் பிரிவில் கூறுவது, இத்தகைய பட்டறிவுகளின் விளைவே. எனினும் உரிமையாளருக்கா, நில வங்கிக்கா என்று தேர்வதை அச்சட்டம் அரசின் கையிலேயே விட்டிருப்பது ஒரு குறை.

பிள்ளைச்சாவடிக்கு மேற்கே, செம்மண் மேட்டில், கோட்டின் அதிகாரத்தைக் காட்டும் இன்னொரு வரைபடம் உள்ளது. 1968இல் தொடங்கப்பட்ட ஆரோவில்லின் பெருந்திட்டத்துக்கு 2001இல் மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் ஒப்புதல் அளித்தது. இரண்டரை கிலோமீட்டர் ஆரம் கொண்ட வட்டம் அது. நடுவே நகரப் பகுதியும் சுற்றிலும் பசுமை வளையமும் அமையும். அவ்வட்டத்துக்குள் ஆரோவில்லுக்குச் சொந்தமாகாத, சுற்றியுள்ள ஊர்களின் மக்களுக்கு உரிய நிலங்களும் அடங்குகின்றன. வட்டத்தின் உட்பகுதியில் செல்லவேண்டிய கிரவுன் சாலைக்காக 2021 டிசம்பரில் மரங்கள் வெட்டப்பட்டதும் ஆரோவில்வாசிகளுக்குள்ளேயே கடும் பிணக்கு எழுந்து, 2022 ஏப்ரலில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கட்டுப்பாடு விதித்தது. 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த ஆணையை நீக்கியது. வழக்கின் மையம் சுற்றுச்சூழல் அனுமதியும் தீர்ப்பாயத்தின் அதிகார வரம்பும்தான். வட்டத்துக்குள் சிக்கிய ஊர் நிலங்களின் விற்பனையும் விலையும் பல்லாண்டுகளாக என்னவாயின என்ற கேள்வி அந்த வழக்கின் விளிம்பில்கூட இடம்பெறவில்லை. மரத்துக்காக வாதாட வழக்கறிஞர்கள் கிடைத்தார்கள், அது நன்று. அதே மண்ணில் முந்திரி வைத்திருந்த குடும்பத்துக்காகவும் ஒருவர் வாதாடியிருக்க வேண்டும்.

கடலோர ஊர்களுக்கு உரிய தனிச் சுமை ஒன்று எஞ்சியுள்ளது. பிள்ளைச்சாவடியின் கிழக்கே கடல். 1980களில் புதுச்சேரித் துறைமுகத்துக்காகக் கட்டப்பட்ட தடுப்புச் சுவர்கள், தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகரும் மணலைத் தடுத்தன. மணல் வரத்துக் குறைந்த வடபகுதிக் கரைகள் அரிக்கப்பட்டன. நகரின் கரையைக் காக்கக் கற்கள் கொட்டப்பட்டதும் அரிப்பு மேலும் வடக்கே நகர்ந்து, கோட்டக்குப்பத்தையும் முதலியார்சாவடிகளையும் கடந்து பொம்மையார்பாளையத்தையும் பிள்ளைச்சாவடியையும் அடைந்தது. மீனவர் வீடுகள் கடலில் விழுந்தன. துறைமுகத்தின் மதிப்பீட்டில் இந்த வீடுகள் ஒரு செலவாக எழுதப்பட்டிருக்கவில்லை. கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கைகளோ, உயரலைக் கோட்டிலிருந்து, ஊரின் வகைக்கேற்ப, 50 மீட்டர் முதல் 200 மீட்டர் வரை புதிய கட்டடம் எழுப்பத் தடை செய்கின்றன. அத்தடை தேவையானதே. ஆனால், கிழக்கே கடலும் அதன் ஒழுங்குமுறைக் கோடும், மேற்கே சாலையும் அதன் கட்டட எல்லைக் கோடும் நெருக்க, நடுவே மிஞ்சும் பட்டையில் ஒரு மீனவக் குடும்பம் மகனுக்கு வீடு கட்ட எங்கே இடம் காணும் என்பதை இவ்விரு கோடுகளையும் ஒரே தாளில் வரைந்து பார்த்தவர்களே உணர முடியும். இரண்டு துறைகளும் தனித்தனித் தாள்களில் வரைகின்றன.

நில உரிமையாளரின் அச்சங்கள் வளர்ச்சிக்கு எதிரானவை என்று எழுதிவிடுவது எளிது. அவை பெரும்பாலும் சாலைக்கு எதிரானவை அல்ல. சாலையின் செலவில் தம் பங்கு எழுதப்படாமல் விடுபடுவதற்கு எதிரானவை. ஆகவே திட்டமிடுவோர் செய்யத்தக்கவை சில உள்ளன. வளர்ச்சித் திட்டத்தின் வரைவு வெளியாகும் நாளிலேயே, பாதிக்கப்படும் புல எண்கள் அனைத்தும், பழைய கதாஸ்தர் எண்களுடன், தமிழில் அச்சிடப்பட்டு ஊரில் ஒட்டப்பட வேண்டும். சந்தை மதிப்பை அறிவிப்பு நாளுக்கு நிர்ணயித்தாலும், கோடு வெளியான நாளிலிருந்து அதன் மீது வட்டி தரப்பட வேண்டும். கோடு மூன்று ஆண்டுகளில் நிறைவேறாவிட்டால், உரிமையாளர் கேட்காமலேயே, அலுவலக வரைபடத்திலிருந்து அது அழிக்கப்பட வேண்டும். முகப்பை இழந்தவர்களுக்கு அதே சாலையின் அணுகுசாலையோரத்தில் மாற்று முகப்புத் தர இயலுமா என்பதைப் பார்த்த பின்னரே, பின்னிருப்பவர்களுக்கு அணுகு அனுமதிகள் வழங்கப்பட வேண்டும்.

உரிமையாளர்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. பிள்ளைச்சாவடி, காலாப்பட்டு, கனகசெட்டிகுளம் குடும்பங்கள் பட்டா மாற்றம், பாகப்பிரிவினை, நொத்தேர் பத்திரங்களின் சான்றளித்த நகல், மறுஅளவை எண் ஆகியவற்றை அறிவிப்பு வரும்வரை காத்திராமல் இப்போதே ஒழுங்குசெய்து வைக்க வேண்டும். அறிவிப்பு வந்தபின் மறுப்பை வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வருவதில் பயனில்லை, புல எண்ணையும் துண்டாடலால் எஞ்சும் பரப்பையும் குறிப்பிட்டு, பக்கத்து நிலத்தாருடன் சேர்ந்து, எழுத்தில் கொடுத்து ஒப்புகைச் சீட்டுப் பெற வேண்டும். அதற்குச் சட்டம் தரும் அவகாசம் 21 நாட்கள்.